அம்பாசிடர் புல்லியில் இடம் மாறிய டைமிங் குறி: செக்கானூரணிப் பட்டறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், செக்கானூரணியை அடுத்துள்ள ஒரு சிறு பட்டறைக்கு வந்த 1978-ஆம் ஆண்டு மார்க் 3 அம்பாசிடரின் இக்னிஷன் டைமிங் குறிகளை, அதாவது பிளக்கில் பொறி பறக்கும் நேரத்தைச் சரிபார்க்க உதவும் குறிகளை, தேடிச் சரிபார்த்த விவரத்தை இங்கே பதிவு செய்கிறேன். வண்டி உசிலம்பட்டியைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடையது. வாடகைக்கு ஓடிய அம்பாசிடர்களில் பல ஏதோ ஒரு கட்டத்தில் டீசல் இன்ஜினுக்கு மாறிவிட்டன. வீட்டு உபயோகத்திலேயே இருந்ததால் இந்த வண்டியில் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் அப்படியே இருந்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-ஐ அடியொற்றி உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடருக்கு, பி.எம்.சி. என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தின் பி-சீரிஸ் என்னும் இந்த இன்ஜின்தான் பல்லாண்டுகள் உயிர்நாடியாக இருந்தது. எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. ஆகிய பிரிட்டிஷ் கார்களும் இதே குடும்பத்து இன்ஜினில் ஓடியவை என்பதால், இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

வேறோர் ஊரில் இன்ஜினை முழுதாகப் பிரித்து, போர் போட்டு (சிலிண்டர்களைக் கடைந்து), பிஸ்டனும் ரிங்கும் மாற்றி வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியிருக்கிறது. ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை, ஐட்லிங்கும் அமைதியாகவே இருந்தது. ஆனால் இழுவை இல்லை. உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தைத் தொட்டதும் மூன்றாம் கியருக்கு இறக்கியும் வண்டி மூச்சுத் திணறியது, வெப்பமானியின் முள் சிவப்பை நோக்கி நகர்ந்தது, ஏறி முடித்து நிறுத்தினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அனல் பானெட்டைத் திறக்கும்போதே முகத்தில் அடித்தது. கார்புரேட்டரைக் கழுவிவிட்டார்கள், பிளக், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டார்கள், ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிட்டார்கள். புகார் அப்படியே நின்றது.

பட்டறையின் மூத்த மெக்கானிக் சொன்ன ஒரு செய்திதான் எங்கள் கவனத்தை ஈர்த்தது. "சார், லைட்டு அடிச்சுப் பாத்தா குறி கரெக்டா நிக்குது. ஆனா டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி ஏத்தி வச்சா வண்டி பறக்குது. மறுபடி லைட்டு அடிச்சா, டைமிங் ரொம்ப ஏறிக் கிடக்குன்னு காட்டுது," என்றார் அவர். "நீங்க எதை நம்புறீங்க தம்பி, காதையா லைட்டையா?" என்று ஆசிரியர் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் என்பது பொறியை உரிய நேரத்தில் நான்கு பிளக்குகளுக்கும் பகிரும் கருவி; டைமிங்கை ஏற்றுவது என்றால் பொறியை முன்னதாக வரச் செய்வது, இறக்குவது என்றால் பிந்தச் செய்வது. காதால் ஏற்றி வைத்ததை லைட்டைப் பார்த்து இன்னொருவர் இறக்கி வைப்பது இந்த வண்டிக்கு வழக்கமாகிப் போயிருந்தது.

டைமிங் லைட் எதைக் காட்டுகிறது என்பதை இங்கே வரையறுத்துக்கொள்ள வேண்டும். 1-ஆம் சிலிண்டரின் பிளக்கில் பொறி பறக்கும் கணத்தில் அது மின்னுகிறது. அந்தக் கணத்தில் கிராங்க் புல்லியில் (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முன்முனையில் உள்ள சக்கரத்தில்) உள்ள வெட்டு, டைமிங் கவரில் உள்ள எந்த முள்ளுக்கு நேராக இருக்கிறது என்பது மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறது. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பது லைட்டுக்குத் தெரியாது. வெட்டு நீள முள்ளுக்கு நேரே வரும்போது பிஸ்டன் மேல் எல்லையில், அதாவது டி.டி.சி.யில், இருக்கும் என்பது தொழிற்சாலையில் அந்தப் புல்லியும் அந்தக் கவரும் அந்த கிராங்கும் ஒன்றாகச் சேர்ந்தபோது உண்மையாக இருந்தது. நாற்பது ஐம்பது ஆண்டுகளில் பல கைகள் பட்டு, பழைய இரும்புக் கடைகளின் பாகங்கள் ஏறியிறங்கிய ஓர் இன்ஜினில் அந்த உறவு இன்னும் நீடிக்கிறதா என்பதை நிரூபித்த பிறகே லைட்டைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதனால் அன்று லைட்டைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, பிஸ்டனிலிருந்து தொடங்கினோம்.

குறிகள் இருக்கும் இடம்

இந்த இன்ஜினில் டைமிங் முட்கள் கவரின் அடிப்பக்கத்தில், புல்லிக்குக் கீழே சீப்பின் பற்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. பானெட்டைத் திறந்து மேலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு ஃபேனும் பெல்ட்டும் ரேடியேட்டருமே தெரியும். முட்களைக் காண வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கீழே படுத்தாக வேண்டும். இப்படி ஒரு குறியே இந்த வண்டிக்குக் கிடையாது என்று அடித்துச் சொல்லும் மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, ஏனென்றால் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து விரல் கனத்துக்கு அப்பிக்கிடக்கும் இடம் அது. மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவி, கம்பிப் பிரஷால் மெதுவாகத் தேய்த்த பிறகு மூன்று முட்கள் தெரிந்தன. நீளமான முள் டி.டி.சி.; மற்ற இரண்டும் அதற்கு 5 டிகிரி, 10 டிகிரி முந்தைய நிலைகள். முன்னாலிருந்து பார்த்தால் இந்த இன்ஜின் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. அப்படிச் சுற்றும்போது புல்லியின் அடிப்பகுதி வலமிருந்து இடமாகப் போகும். ஆகவே வெட்டு முதலில் 10 டிகிரி முள்ளையும், பிறகு 5-ஐயும், கடைசியில் இடக்கோடியில் உள்ள நீள முள்ளையும் கடக்க வேண்டும். நாங்கள் கண்ட வரிசையும் அதுவே. புல்லியின் பின்விளிம்பில் வெட்டும் தெளிவாக இருந்தது. அதற்கு வெள்ளைப் பெயின்ட் தொட்டு வைத்தோம்.

முட்கள் வளைந்திருக்கின்றனவா என்று பார்க்க ஒரு எளிய கணக்கு போதும். ஒரு காகிதப் பட்டையைப் புல்லியின் விளிம்பைச் சுற்றி ஒட்டி அளந்ததில் சுற்றளவு 412 மி.மீ. வந்தது. அதை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 1.14 மி.மீ. அப்படியானால் நீள முள்ளுக்கும் 10 டிகிரி முள்ளுக்கும் இடையே விளிம்பில் சுமார் 11.4 மி.மீ. இருக்க வேண்டும், அளவு அதற்கு மிக நெருக்கமாகவே வந்தது. முட்களுக்கு இடையிலான தூரம் சரி என்றால், தவறு ஒன்று கவர் முழுவதும் நகர்ந்து மாட்டப்பட்டதில் இருக்க வேண்டும், அல்லது புல்லி வெட்டில் இருக்க வேண்டும். இந்த இன்ஜினில் ஆயில் சீலின் மையத்தைப் பார்த்துத்தான் கவரை முடுக்க வேண்டும். போல்ட் துளைகளின் இடைவெளியால் அது சற்று நகரலாம். ஆனால் அந்த நகர்வு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், அதாவது சுமார் ஒரு டிகிரி. காது சொன்ன வித்தியாசமோ அதைவிடப் பல மடங்கு.

பிஸ்டனின் உச்சியைக் கண்டுபிடித்தல்

பிளக் துளை வழியாகத் திருப்புளியையோ நீளமான கம்பியையோ விட்டு, அது மேலே ஏறி நிற்கும் இடத்தை டி.டி.சி. என்று குறிப்பது நம் பட்டறைகளில் பரவலான வழக்கம். இந்த இன்ஜினில் அது இரண்டு காரணங்களால் உதவாது. பிளக்குகள் சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் சாய்வாக அமைந்திருப்பதால் கம்பி பிஸ்டனின் மேல் நேராக நிற்காது. வளைந்து சிக்கிக்கொள்ளவும் கூடும். அதைவிடப் பெரிய காரணம், உச்சியை நெருங்கும்போது பிஸ்டன் ஏறக்குறைய நின்றுவிடுகிறது என்பது. இந்த இன்ஜினின் ஸ்ட்ரோக் 88.9 மி.மீ.; கனெக்டிங் ராடின் நீளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், டி.டி.சி.யிலிருந்து கிராங்க் 5 டிகிரி திரும்பும்போது பிஸ்டன் இறங்குவது 0.2 மி.மீ. மட்டுமே. 2 டிகிரிக்கு அது 0.04 மி.மீ.கூட இல்லை. கையில் பிடித்த கம்பியின் உயரத்தைக் கண்ணால் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு பிடிபடாது. எனவே அந்த முறையில் குறித்த டி.டி.சி. ஐந்தாறு டிகிரி தள்ளிப் போவதில் வியப்பில்லை.

இதற்கு மாற்றாக, பிஸ்டன் வேகமாக நகரும் இடத்தில் அதைத் தடுத்து நிறுத்தி, இரு பக்கத்திலிருந்தும் அளந்து நடுவைக் காண்பதே நம்பகமான வழி. ஒரு பழைய 14 மி.மீ. பிளக்கின் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, அதன் உடம்பில் மரை போட்டு, முனை மழுங்க உருட்டிய பித்தளை போல்ட் ஒன்றை ஏற்றி நட்டால் பூட்டினோம். இதுதான் பிஸ்டன் ஸ்டாப். பக்கத்து லேத் பட்டறையில் இதைச் சிறிது நேரத்தில் செய்து கொடுத்தார்கள். பேட்டரி ஒயரைக் கழற்றினோம். நான்கு பிளக்குகளையும் எடுத்துவிட்டோம். ஸ்டாப் உள்ளே இருக்கும்போது செல்ஃப் மோட்டாரைத் தொடவே கூடாது, பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும்.

அடுத்து, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் எது என்று அறிய வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் இரண்டு சுற்றுக்கு இருமுறை உச்சிக்கு வரும். புல்லி வெட்டும் இருமுறை முள்ளைக் கடக்கும். 1-3-4-2 என்ற ஃபயரிங் ஆர்டரில் (சிலிண்டர்களுக்குப் பொறி கிடைக்கும் வரிசையில்) 1-உம் 4-உம் ஒன்றாக உச்சிக்கு வரும் ஜோடி. ராக்கர் மூடியைத் திறந்து வைத்துச் சுற்றும்போது, 4-ஆம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டே இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கி, இரண்டு ராக்கர்களும் ஒருசேர அசையும் இடத்தில், 1-ஆம் சிலிண்டர் பொறி வாங்கத் தயாராக இருக்கிறது. பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துக் காற்றின் அழுத்தத்தை உணர்வதும் போதும் என்றாலும், ராக்கரைப் பார்ப்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஸ்டாப்பை மாட்டிவிட்டு முன்னே ஒரு முறை, பின்னே ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று என்று திருப்பி முட்டவைப்பதைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அப்படிப் பின்னோக்கிச் சுற்றினால் இரண்டாவது முட்டல் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவைக் கடந்த இடத்தில் நிகழும். அங்கே இன்லெட் வால்வு திறந்திருக்கும். சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டில் அது மோதும் வாய்ப்பு உண்டு. அதனால் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கை விட்டு விலகாமலேயே அளந்தோம். உச்சிக்கு முன்பாக ஸ்டாப்பை மாட்டி, இன்ஜினை முன்னோக்கி மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் முட்டிய இடத்தில் நீள முள்ளுக்கு நேராகப் புல்லியில் ஊசியால் ஒரு கோடு. பிறகு ஸ்டாப்பைக் கழற்றி, பிஸ்டனை உச்சியைத் தாண்டி இறக்கி, அதே ஸ்டாப்பை அதே வாஷருடன் மீண்டும் மாட்டி, இம்முறை இன்ஜினைப் பின்னோக்கித் திருப்பி, முட்டிய இடத்தில் இரண்டாவது கோடு. போல்ட் நட்டால் பூட்டப்பட்டிருப்பதால் இரு முறையும் ஆழம் மாறாது. இரு வால்வுகளும் மூடியே இருக்கும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. முன்னோக்கிச் சுற்ற அம்பாசிடரின் ஹேண்டிலே போதும். ஆனால் ஹேண்டில் மாட்டும் பல் ஒரு திசையில்தான் கவ்வும், பின்னோக்கித் திருப்பினால் நழுவிவிடும். அந்தப் பல் உள்ள நட்டில் ஸ்பானர் போட்டு இடப்பக்கம் திருகினால் நட்டே தளரக்கூடும். எனவே நான்காம் கியரில் போட்டு, இரண்டு பேர் வண்டியைப் பின்னால் தள்ள, ஒருவர் கீழே படுத்துப் புல்லியைப் பார்த்தார். முட்டும் நேரத்தில் வேகம் அறவே கூடாது. விரலால் தள்ளுவது போல் தள்ள வேண்டும்.

இரு கோடுகளுக்கும் இடையே விளிம்பில் 86 மி.மீ. இருந்தது. நடுப்புள்ளி 43-இல் விழுகிறது. அந்தப் புள்ளி நீள முள்ளுக்கு நேரே வரும்போது பிஸ்டன் சரியாக உச்சியில் இருக்கிறது. தொழிற்சாலை வெட்டு அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அதுவோ சுழலும் திசைக்குப் பின்னால் 9 மி.மீ. தள்ளி இருந்தது, டிகிரியில் ஏறத்தாழ 8.

காரணம்

இந்த எட்டு டிகிரி முழுப் புகாரையும் விளக்கிவிடுகிறது. பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும் வெட்டு நீள முள்ளைச் சேர 8 டிகிரி பாக்கி. லைட்டைப் பார்த்து 5 டிகிரி முள்ளில் வெட்டை நிறுத்தியவர், உண்மையில் பிஸ்டன் உச்சியைத் தாண்டி 3 டிகிரி இறங்கிய பிறகே பொறியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பொறி பிந்தினால் எரிதலும் பிந்தும்; பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் வழியாகவும் நீர் ஜாக்கெட் வழியாகவும் போய்விடும். இழுவைக் குறைவு, ரேடியேட்டர் சூடு, மேனிஃபோல்டின் அனல் ஆகிய மூன்றும் அதன் விளைவுகளே. மெக்கானிக்கின் காது சரியாகவே கேட்டிருக்கிறது.

வெட்டு ஏன் தள்ளிப் போனது என்பதற்கு முதலில் சந்தேகப்பட்டது கிராங்க் நுனியில் உள்ள அரைவட்டச் சாவி. அது பாதி அறுந்து புல்லி நழுவியிருந்தால், குறி மேலும் மேலும் நகரும் அபாயம் உண்டு. புல்லியை இழுத்துப் பார்த்தோம். சாவி முழுசாக, ஆட்டமின்றி இருந்தது. சாவிப் பள்ளமும் தேயவில்லை. ஆனால் பட்டறையில் கிடந்த வேறோர் அம்பாசிடர் புல்லியை அருகில் வைத்து, இரண்டின் சாவிப் பள்ளங்களையும் ஒரே நேராக்கிப் பார்த்தபோது, வெட்டுகள் ஒரே நேரில் இல்லை. இன்ஜினைப் பிரித்த காலத்தில் ஆயில் சீல் உட்காரும் இடம் தேய்ந்திருந்ததால் பழைய புல்லிக்குப் பதில் வேறொன்றைப் போட்டதாக ஆசிரியருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் புல்லி எந்த இன்ஜினிலிருந்து வந்தது என்பதை இனித் தேடிப் பயனில்லை. புல்லியின் மையத்தில் ரப்பர் வளையம் வைத்த பிற்கால இன்ஜின்களில், ரப்பர் பெயர்ந்து வெளிவளையம் மட்டும் நழுவுவதும் உண்டு. இங்கே இருந்தது முழு இரும்புப் புல்லி என்பதால் அந்தக் கேள்வி எழவில்லை.

புதிய குறியும் டைமிங்கும்

43 மி.மீ. புள்ளியில் ரம்பத்தின் மெல்லிய அலகால் விளிம்பில் ஒரு புதிய வெட்டுப் போட்டு வெள்ளைப் பெயின்ட் வைத்தோம். பழைய வெட்டை எம்-சீல் கொண்டு அடைத்துக் கறுப்பு அடித்தோம். அதைத் திறந்து விட்டிருந்தால் அடுத்து கீழே படுக்கும் மெக்கானிக் அதைத்தான் முதலில் காண்பார். புதிய வெட்டிலிருந்து சுழலும் திசையில் 34.3 மி.மீ. முன்னால், சிவப்பில் இன்னொரு கோடு. அது நீள முள்ளைத் தொடும்போது கிராங்க் டி.டி.சி.க்கு 30 டிகிரி முந்திய நிலையில் இருக்கும். வேகத்தில் அட்வான்ஸ், அதாவது பொறி முந்தும் அளவு, எவ்வளவு ஏறுகிறது என்பதை அளக்க இது உதவியது.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருவோம். டி.வி.எஸ். குழுமத்தின் பூர்வீகம் மதுரை என்பதாலோ என்னவோ, லூகாஸ் டி.வி.எஸ். டிஸ்ட்ரிபியூட்டரின் உதிரிபாகத்துக்கு இங்கே அலைய வேண்டியதில்லை. ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டியபோது சற்று ஆட்டம் தெரிந்ததால் புஷ்ஷை மாற்றினோம். ஷாஃப்ட் ஆடினால், திறக்கும் கணத்தில் பொறியை வரவைக்கும் மின்தொடர்பான பாயிண்ட்டின் இடைவெளி சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும், லைட்டில் குறியும் நடுங்கும். பிறகு ஃபீலர் கேஜ் வைத்துப் பாயிண்ட் இடைவெளியை 0.015 அங்குலத்தில் நிறுத்தினோம். இடைவெளியை முதலில் முடித்துவிட்டே டைமிங்கைத் தொட வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங் ஏறும், குறைந்தால் இறங்கும். டைமிங் வைத்த பிறகு இடைவெளியைத் தொடுபவர் டைமிங்கையும் சேர்த்தே மாற்றுகிறார்.

ஓடாத இன்ஜினில் டைமிங் வைக்க 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். பேட்டரியை மீண்டும் இணைத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் ஒயர் மாட்டும் முனைக்கும் பாடிக்கும் இடையே பல்பை மாட்டி, சாவியைத் திருப்பி வைத்து, ஹேண்டிலால் இன்ஜினை முன்னோக்கி மட்டுமே சுற்றிப் புதிய வெட்டை 5 டிகிரி முள்ளுக்குக் கொண்டுவந்தோம். முள்ளைத் தாண்டிவிட்டால் சிறிது மட்டும் பின்னே வந்து நிறுத்தக் கூடாது. நன்றாகப் பின்னே போய் மறுபடி முன்னோக்கி வர வேண்டும், இல்லையென்றால் டைமிங் செயினின் தொய்வு அளவைக் கெடுத்துவிடும். இந்த இன்ஜினில் ரோட்டார் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றுவதால், டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பை வலஞ்சுழியாகத் திருப்பினால் டைமிங் ஏறும். பல்பு பளிச்சென்று எரியத் தொடங்கிய இடத்தில் கிளாம்ப்பை முடுக்கினோம்.

லைட்டை வெளியே எடுத்தது இதற்குப் பிறகுதான். வேக்வம் குழாயைக் கழற்றி வாயை அடைத்து, ஐட்லிங்கை நிமிடத்துக்கு 600 சுற்றுக்குக் கீழே இறக்கி, கீழே படுத்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஃபேனுக்கு எட்டாத தூரத்திலிருந்து அடித்துப் பார்த்தார். புதிய வெட்டு 5 டிகிரி முள்ளுக்கு நேரே அசையாமல் நின்றது. ஆக்சிலரேட்டரை மெல்லக் கூட்டியபோது வெட்டு முட்களைத் தாண்டி விலகிச் செல்ல, சிவப்புக் கோடு நீள முள்ளை நோக்கிச் சீராக வந்து அதற்குச் சற்று முன்பாக நின்றது. விட்டதும் தயங்காமல் பழைய இடத்துக்குத் திரும்பியது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளே, வேகத்துக்கேற்ப டைமிங்கை ஏற்றும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதற்கு அது போதுமான சான்று.

ஏற்றத்தில் சோதனை

பழைய கையேட்டில் உள்ள டைமிங் அளவு அக்காலத்துப் பெட்ரோலுக்கு எழுதப்பட்டது. இன்று பங்கில் கிடைப்பது குறைந்தது 91 ஆக்டேன் உள்ள, 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அது நாக்கிங்கை, அதாவது எரிபொருள் தாறுமாறாக எரிந்து எழும் தட்டல் சத்தத்தை, எளிதில் வரவிடாது. ஆகவே குறியை நிரூபித்த பிறகு, கையேட்டின் அளவைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, கடைசி ஓரிரு டிகிரியைச் சாலையில் தீர்மானிப்பதே சரி. சூடான இன்ஜினோடு ஆண்டிபட்டி கணவாய்க்கே போனோம். ஏற்றத்தில், குறைந்த வேகத்தில், நான்காம் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபோது 5 டிகிரியில் எந்தச் சத்தமும் இல்லை. 9 வரை ஏற்றியதும், தகர டப்பாவுக்குள் கூழாங்கல் உருளுவது போன்ற அந்த மெல்லிய நாக்கிங் ஒருகணம் கேட்டு அடங்கியது. 7-க்கு இறக்கி நிறுத்திவிட்டோம். முன்பு மூன்றாம் கியரில் திணறிய வளைவுகளை வண்டி நான்காம் கியரில் ஏறியது. வெப்பமானி நடுவைத் தாண்டவில்லை. "இது எங்கப்பா ஓட்டுன காலத்துல இருந்த வண்டி," என்றார் ஆசிரியர்.

ஒரு குறை மட்டும் பாக்கி. திரும்பும் வழியில் ஒரு சந்திப்பின் நெரிசலில் நீண்ட நேரம் நின்றபோது வெப்பம் மீண்டும் ஏறியது. ஏற்றத்தில் பாரத்தோடு ஏறாத வெப்பம் நின்ற இடத்தில் ஏறுகிறது என்றால், அதற்கும் டைமிங்குக்கும் தொடர்பில்லை. ரேடியேட்டரின் மேல்பகுதியைத் தொட்டுப் பார்த்ததில் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் வெதுவெதுப்பாகவும் இருந்தது. குழாய்களில் பாதி அடைபட்டிருக்கின்றன; ரேடியேட்டரைக் கழற்றி, குழாய்களில் தண்டு விட்டு அடைப்பெடுக்கக் கொடுத்திருக்கிறோம். பானெட்டின் உட்புறத்தில் புல்லியின் சுற்றளவு, புதிய வெட்டின் இடம், 7 டிகிரி, பாயிண்ட் இடைவெளி ஆகிய நான்கையும் பெயின்ட்டால் எழுதியிருக்கிறது. பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் தானாக இறங்கும் என்பதால், புதுப் பாயிண்ட் 1,000 கிலோமீட்டர் ஓடியதும் இடைவெளியையும் குறியையும் மீண்டும் பார்க்க வரச் சொல்லியிருக்கிறோம்.